ஃபில்: தமிழ்ல இதுக்கு என்ன சொல்லு?

பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டு கேக்குறவங்களுக்கு இது காதுல பதிஞ்சிருக்கும். பாடகர் ஒரு வரியை முடிச்சு மூச்சு வாங்குவாரு, அந்த எடத்துல கிட்டார் நாலஞ்சு ஸ்வரம் வாசிச்சுட்டு அடுத்த வரி ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒதுங்கிடும். அதுதான் ஃபில். நெறைய பேரு இதையும் சோலோவையும் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. சோலோன்னா பாடகர் வாயை மூடிப்பாரு, கிட்டாருக்கு அரை சரணம் அளவுக்காவது எடம் கெடைக்கும். ஃபில்லுக்கு பாட்டோட இடைவெளி மட்டும்தான். லிக்குன்னு இன்னொரு சொல்லும் இருக்கு, அது கைப்பழக்கத்துல வர்ற குட்டி சங்கதிக்குப் பேரு, சோலோலயும் வரலாம், ஆனா இடைவெளில விழுந்தாத்தான் அது ஃபில்.

சொல்லோட பூர்வீகம் ரொம்ப சாதாரணம். இங்கிலீஷ்ல நிறைஞ்சதுன்னு அர்த்தம் தர்ற 'ஃபுல்'லும் இதுவும் ஒரே வேர், நிரப்புறதுங்கிற வினைச்சொல்லையே இசைக்காரங்க பெயர்ச்சொல்லா ஆக்கிட்டாங்க.

1950, 60கள்ல, கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் ஊரு ஸ்டூடியோக்கள்ல ஒரு ரெக்கார்டிங் செஷன்னா 3 மணி நேரம், அதுக்குள்ள மூணு நாலு பாட்டு முடிச்சாகணும். ஃபில்லை யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க, பாட்டை ஒரு தடவை கேட்டுட்டு முதல் சரணத்துக்கு கிட்டார், ரெண்டாவதுக்கு ஸ்டீல் கிட்டார் (கம்பி மேல உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கிறது), அப்புறம் பியானோன்னு அங்கேயே பிரிச்சுக்குவாங்க, ரெண்டு பேரு ஒரே இடைவெளில மோதிக்கக் கூடாதுங்கிறதுதான் கணக்கு.

இதுக்கு நான் எப்பவும் காட்டுறது 1959ல வந்த 'எல் பாசோ'. பாடுனது மார்ட்டி ராபின்ஸ், நைலான் கம்பி கிட்டார் வாசிச்சது கிரேடி மார்ட்டின். நாலரை நிமிஷத்துக்கு மேல ஓடுற கதைப்பாட்டு, கிட்டத்தட்ட ஒவ்வொரு வரி முடியிறப்பவும் கிட்டார் வரும், மெக்சிகோ எல்லையோர ஊரோட வாசனை அதுலதான் வருது, ஆனா ஒரு எடத்துலயும் கதை சொல்றவனை மறிச்சுக்கிட்டு நிக்காது! பத்து தடவை கேட்ட பாட்டு, பதினோராவது தடவை கிட்டாரை மட்டும் கவனிச்சு கேட்டப்பதான் இவ்வளவு வாசிச்சிருக்காருன்னே எனக்குத் தெரிஞ்சுது.

லூதர் பெர்கின்ஸ் வேற மாதிரி. மெம்ஃபிஸ்ல கார் மெக்கானிக்கா இருந்தவரு, கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கூட கிட்டார் வாசிச்சாரு. வலது உள்ளங்கையை கம்பி மேல லேசா வெச்சு அமுக்கி, கீழ்ஸ்தாயி கம்பிங்கள்லயே டொக் டொக்னு வாசிப்பாரு. 1956ல வந்த 'ஐ வாக் தி லைன்'ல சரணத்துக்கு சரணம் சுருதி மாறும், அந்த மாறுற எடத்துல கேஷ் புது சுருதியை முனகிப் பிடிப்பாரு, அங்க பாட்டை கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போறது லூதர் வாசிக்கிற சில ஸ்வரம்தான். இவரை லீட் கிட்டாரிஸ்ட்னு சொல்றோம், ஆனா அவர் முன்னாடி வந்து நின்னதே கெடையாது.

சரி, தமிழ்ல? 'நிரப்பு'ன்னு நேரா சொன்னா தண்ணித் தொட்டி ஞாபகம்தான் வருது. 'நிரவல்' காதுக்கு பக்கத்துல இருக்கு, ஆனா கச்சேரில அது ஒரே சாகித்ய வரியை வேற வேற சங்கதியோட விரிச்சுப் பாடுறது, இங்க கொண்டு வந்தா ரெண்டும் கெட்டுப் போகும். 'இடையிசை'யை சினிமாப் பாட்டுல பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல வர்ற பெரிய பகுதிக்கு ஏற்கனவே கொடுத்தாச்சு.

நான் சொல்றது இசைநிறை. புதுசா செஞ்சது இல்ல, தொல்காப்பியம் இடையியல்லயே இருக்கு, நன்னூல் ஏகாரத்துக்கு சொல்ற ஆறு பொருள்லயும் ஒண்ணு. செய்யுள்ல ஓசை குறையிற எடத்தை நிறைக்க வர்ற இடைச்சொல்லுக்குப் பேரு அது. அங்க அதுக்குன்னு தனிப் பொருள் கெடையாது, கிட்டார் ஃபில் ஏதோ சொல்லுதேன்னு கேக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனா எடத்தை முடிவு பண்றது பாட்டு, வர்றது அந்த எடத்தை நிறைக்கிறதுக்கு, வேலை முடிஞ்சா விலகிடணும், இந்த மூணும் அப்படியே பொருந்துது. 'ரெண்டாவது சரணத்துல ஸ்டீல் கிட்டாரோட இசைநிறை அருமை'ன்னு எழுதிப் பாருங்க, எனக்கு உறுத்தல.