என்எஃப்-கப்பா-பி: சொல் விளக்கம்

அழற்சி மரபணுக்களைப் படியெடுக்க (டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்க) வைக்கும் புரதம் இது. பெரும்பாலும் இரண்டு புரதங்கள் இணைந்த ஜோடியாக இயங்கும்.

எதிர்ப்பொருளின் கப்பா இலகு சங்கிலிக்கான மரபணுவில், அதன் வேலையை முடுக்கும் டி.என்.ஏ. பகுதியில் போய் ஒட்டும் ஒரு புரதத்தை 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டார்கள். கிடைத்த இடம் எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்லின் உட்கருச் சாறு. உட்கருக் காரணி (என்எஃப்), கப்பா, பி என்று மூன்றும் சேர்ந்து பெயராயின. இந்தப் ‘பி’ பறவைகளின் ஃபாப்ரிசியஸ் பையான ‘பர்சா’வின் முதலெழுத்து, எலும்பு மஜ்ஜையைக் குறிப்பதல்ல.

பெயரை நம்பினால் இரண்டு இடங்களில் தவறு நேரும். இந்தக் காரணி பி செல்லுக்கு மட்டும் உரியதல்ல, ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. தூண்டுதல் இல்லாதபோது அது உட்கருவிலும் இராது. சைட்டோபிளாசத்தில் ஒரு தடுப்புப் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும்.

தமிழில் ‘கப்பா-பி உட்கருக் காரணி’ என்பதே சரி. ‘அழற்சிக் காரணி’ என்று சுருக்கினால் இன்டர்லூகின்-6 (செல்கள் வெளியிடும் ஓர் அழற்சிப் புரதம்) போன்ற விளைபொருள்களோடு குழம்பும். தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஜோடியில் உள்ள ஒரு புரதத்தை ‘பி65’ என்று எழுதினால் அந்தப் ‘பி’யும் கப்பா-பியின் ‘பி’யும் ஒன்றுபோலத் தெரியும். முன்னது புரதத்தைக் குறிப்பதால் புரதம்-65, புரதம்-50 என்றே எழுதலாம்.

எலும்பாக்கி செல்லில் (ஆஸ்டியோபிளாஸ்ட்) நடப்பதைப் பார்ப்போம். டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சித் தூதுப் புரதம் செல்லின் ஏற்பியில் பட்டதும் ஐ.கே.கே. என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) விழித்து, தடுப்புப் புரதத்தின் 32, 36ஆம் இடங்களில் உள்ள செரின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்தக் குறியைப் பார்த்து யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டுகிறது, செல்லின் புரதச் சிதைப்புக் கூடமான புரோட்டியசோம் தடுப்புப் புரதத்தைச் சிதைக்கிறது. விடுபட்ட ஜோடி உட்கருவுக்குள் போய் இன்டர்லூகின்-6, சி.சி.எல்.2, காக்ஸ்-2 மரபணுக்களை முடுக்குகிறது. காக்ஸ்-2 நொதி வழியே வரும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2, எலும்பைத் தின்னும் செல்களை வளர்க்கும் ராங்க்-லிகண்ட் என்ற புரதத்தைக் கூட்ட, அந்தச் செல்கள் பெருகுகின்றன. முடக்குவாதத்திலும் ஈறுநோயிலும் எலும்பு அரிப்பதற்கு இந்த வழியும் ஒரு காரணம். தடுப்புப் புரதத்தின் மரபணுவையும் இதே ஜோடிதான் முடுக்குகிறது. அதனால் சுமார் ஒரு மணி நேரத்தில் தடுப்புப் புரதம் மீண்டும் நிரம்பிவிடும்.

படியெடுப்போடு கதை முடிவதில்லை. புரதம்-38 என்ற இன்னொரு கைனேஸ் இன்டர்லூகின்-6இன் ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கிறது. ஆகவே புரதம்-38ஐத் தடுத்து இன்டர்லூகின்-6 குறைந்தால், கப்பா-பி அடங்கிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆக்டினோமைசின்-டி சேர்த்துப் படியெடுப்பை நிறுத்திவிட்டு, 0, 30, 60, 90 நிமிடங்களில் மிஞ்சும் ஆர்.என்.ஏ.வை அளந்தால் எது காரணம் என்று பிரியும்.

சோதனையில் அதிகம் கெடுப்பது நேரம். எம்.சி.3டி3-இ1 என்ற எலி எலும்பாக்கிச் செல்களுக்கு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் டி.என்.எஃப். கொடுத்து, 60ஆம் நிமிடத்தில் மட்டும் வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்தால் தடுப்புப் புரதப் பட்டை திரும்பி வந்திருக்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். 0, 5, 15, 30, 60 நிமிடங்கள் வேண்டும். எலிச் செல்லுக்கு எலி டி.என்.எஃப்.தான் பொருந்தும், மனித டி.என்.எஃப். எலியின் இரண்டாம் ஏற்பியில் ஒட்டாது.

பாக்டீரியாவில் தயாரித்த டி.என்.எஃப். புரதம் என்றால் எண்டோடாக்சின் (பாக்டீரியா உறையின் நச்சு) கலப்பையும் பார்த்தாக வேண்டும். அது டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி வழியே இதே ஐ.கே.கே. கைனேஸை எழுப்பும். புரதத்தைக் கொதிக்கவைத்த பிறகும் விளைவு அப்படியே நின்றால், சந்தேகம் எண்டோடாக்சின் மேல்தான் விழவேண்டும்: கொதியில் புரதம் கெடும், எண்டோடாக்சின் தாங்கும்.