டிரான்ஸாக்‌ஷன் லாக்: 'பரிவர்த்தனைப் பதிவு' அல்ல, நடவடிக்கைக் குறிப்பேடு

தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் கோப்புதான் டிரான்ஸாக்‌ஷன் லாக். அதைத் தமிழில் 'நீக்கிய பதிவுகளைப் பரிவர்த்தனைப் பதிவிலிருந்து மீட்கலாம்' என்கிற மாதிரித்தான் எழுதுகிறார்கள். அழிந்தது எந்தப் பதிவு, தேட வேண்டியது எந்தப் பதிவு? ரெக்கார்டும் பதிவு, லாக்கும் பதிவு, ஃபேஸ்புக்கில் போடுவதும் பதிவு.

லாக் என்பது மரக்கட்டை. அதைக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசிக் கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அளவைக் குறித்த ஏட்டுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. டிரான்ஸாக்‌ஷனின் இலத்தீன் வேருக்குச் செய்து முடித்தல் என்று பொருள். வேர்க்கதை இவ்வளவுதான்.

பரிவர்த்தனை என்றால் கைமாற்று, பண்டமாற்று. அட்டவணையில் 40 வரிகளை அழித்தவர் யாருக்கு எதை மாற்றிக்கொடுத்தார்? வடசொல் என்பதற்காகச் சொல்லவில்லை, பொருளே பொருந்தவில்லை. மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் நூலில் நல்ல சொற்கள் சும்மா கிடக்கின்றன: டிரான்ஸாக்‌ஷன் நடவடிக்கை, ஜர்னல் குறிப்பேடு, லெட்ஜர் பேரேடு. நடந்த வரிசையில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் பேரேட்டுக்கு எடுத்தெழுதுவார்கள். தரவுத்தளமும் அதையேதான் செய்கிறது. மாற்றம் முதலில் லாக் கோப்பில் ஏறும். தரவுக் கோப்பு வட்டில் திருத்தப்படுவது அதன்பிறகே. ஆகவே நடவடிக்கைக் குறிப்பேடு. பதிவு ரெக்கார்டுக்கே இருக்கட்டும்.

இதையே 'தணிக்கைப் பதிவு' என்பது இன்னும் மோசம். அது ஆடிட் லாக், யார் என்ன செய்தார் என்று கண்காணிக்கும் வேறு ஏடு. அந்தத் தணிக்கையை முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். குறிப்பேடு தானாகவே எழுதப்படும், ஆனால் யார் எதைப் படித்தார் என்பது அதில் இராது. அழித்தவரை மட்டும் அதில் தேடலாம். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில், குறிப்பேட்டைப் படித்துக் காட்டும், மைக்ரோசாஃப்ட் ஆவணப்படுத்தாத எஃப்என்_டிபிலாக் என்ற செயற்கூற்றில், அழிப்பைக் குறிக்கும் எல்ஓபி_டெலீட்_ரோஸ் வரிகளைப் பிடியுங்கள். அதே நடவடிக்கை எண் கொண்ட எல்ஓபி_பிகின்_எக்ஸாக்ட் என்ற தொடக்க வரியில் தொடங்கிய நேரமும், பயனரின் அடையாளக் குறியீடான எஸ்ஐடியும் இருக்கும். அந்த எஸ்ஐடியை எஸ்யூசர்_எஸ்நேம் என்ற செயற்கூற்றிடம் கொடுத்தால் லாகின் பெயர் வரும். செயலி முழுக்க ஒரே பொது லாகினில் ஓடினால் அந்தப் பெயரோடு தடம் நின்றுவிடும்.

மீட்க, முதலில் குறிப்பேட்டின் வால்பகுதியை, அதாவது இன்னும் பேக்கப் ஆகாத கடைசிப் பகுதியை, பேக்கப் எடுங்கள். முழு பேக்கப்பை வேறு பெயரில், மேலும் லாக் பேக்கப்புகளைச் சேர்க்க விடும் நோரெகவரி என்ற விருப்பத்தோடு ஏற்றி, லாக் பேக்கப்புகளை வரிசையாகச் சேர்த்து, அழித்த நடவடிக்கை தொடங்கும் எல்எஸ்என்னுக்கு (லாக் வரியின் வரிசை எண்) சற்றுமுன் ஸ்டாப்பிஃபோர்மார்க் என்ற விருப்பத்தால் நிறுத்தி, வரிகளை மட்டும் நகலெடுக்க வேண்டும். லாக்கை எப்படிப் பராமரிப்பது என்று சொல்லும் அமைப்பான ரெகவரி மாடல் 'சிம்பிள்' என்றால் லாக் பேக்கப்பே கிடையாது. நினைவகத்து மாற்றங்களை வட்டில் எழுதும் செக்பாயின்ட் ஓடியதும் பழைய பகுதி விடுவிக்கப்படும்.

இந்த விடுவிப்பை, அதாவது ட்ரன்கேஷனை, 'துண்டித்தல்' என்கிறார்கள். அதை நம்பிக் கோப்பின் அளவைப் பார்த்தால் ஒரு எம்பிகூடக் குறைந்திருக்காது. உள்ளே இடம் மறுபடி எழுதத் திறந்துவிடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. கோப்பைச் சுருக்குவது ஷ்ரிங்க் என்ற வேறு கட்டளை; அதற்கும் 'துண்டித்தல்' என்றே எழுதிவிடாதீர்கள்.