ஊட்டி ஓணானுக்கு ஸ்வெட்டர் கிடையாது

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை 6 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே குறையும். ஆக, ஒரே பேருந்துப் பயணத்தில் ஏறத்தாழ 12 டிகிரி குறைந்துவிடுகிறது. நமக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத ஓணான் என்ன செய்யும்?

நீலகிரியில் ஊர்வன பற்றிப் பேசப் போகிற இடங்களில் இதைக் கேட்டால், "அதுக்கெல்லாம் குளிர் பழகியிருக்கும் சார்" என்பார்கள். பாதிதான் சரி. அந்த மீதிப் பாதி தெரியாததால்தான் நம் தோட்டங்களில் நல்லெண்ணத்தோடே இவற்றை ஒழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஊட்டிப் பக்கம் வேலிச்செடிகளிலும் புதர்களிலும் முதுகில் முள்வரிசையோடு மெதுவாக நகரும் ஒரு பச்சை ஓணானைப் பார்த்திருப்பீர்கள். சலியா என்ற இனம் அது. தென்னிந்தியாவின் உயரமான மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. வெயில் வந்ததும் புதரின் வெளிக்கிளைக்கு ஏறி, உடம்பைச் சூரியனுக்குக் காட்டி உட்கார்ந்துவிடும். சூடேறினால்தான் கால் ஓடும், பூச்சி பிடிக்க முடியும், தின்றது செரிக்கும். மேகம் மூடினால் திரும்பவும் புதருக்குள். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் நாளில் முக்கியமான வேலையே இதுதான்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சி நடந்தது கரீபியன் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவில். அங்கே அனோல் என்ற பல்லியினத்தை மார்த்தா முன்யோஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அடிவாரத்திலிருந்து மலையுச்சி வரை அளந்தார்கள். காற்று அவ்வளவு குளிர்ந்தும், பகலில் மேலே இருப்பவற்றின் உடல் வெப்பம் கீழே இருப்பவற்றின் அளவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. காரணம் எளிது. கீழே மரத்தில் வாழ்பவை, மேலே போனதும் பாறைக்கு மாறிவிட்டன. பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் இரவில் எங்கே போய் உட்கார்ந்தாலும் குளிர்தான். அதனால் குளிரைத் தாங்கும் திறன் மட்டும் உயரத்துக்கு ஏற்ப உண்மையிலேயே மாறியிருந்தது. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம் வருவது: பாறைக்கு மாறியதால், இடுக்கில் நுழைய வசதியாகத் தலை தட்டையாகி, பின்னங்காலும் குட்டையாகிவிட்டது. ஒரு மாற்றத்தைத் தவிர்க்கப் போய் இன்னொரு மாற்றத்தில் மாட்டிக்கொண்டது.

பெரியவை நகர்ந்து தப்பிக்கலாம், முட்டைக்குக் கால் இல்லையே. குளிர்ந்த மண்ணில் கரு வளர நாளாகும், சில இடங்களில் வளரவே வளராது. அதனால் மிகக் குளிர்ந்த இடங்களில் பல இனங்கள் முட்டையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு குட்டி போடுகின்றன. தாய் வெயில் காய்ந்தால் கருவுக்கும் சேர்த்துச் சூடு கிடைக்கும். லடாக்கில் வாழும் தேரைத்தலை ஓணான் அப்படித்தான். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக் குளிரில் வாழும் கோஃபோட்டிஸ் என்ற ஓணானும் குட்டிதான் போடும். நம் ஊட்டி சலியா முட்டையிடுகிறது, அதையும் மண்ணில் புதைத்து வைக்கிறது. அந்த மண்ணில் வெயில் விழுகிறதா என்பது அதற்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. புல்வெளியில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் அடர்ந்து நிழல் கட்டுவதை நான் கவலையோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"சூடு அதிகமானால் இவற்றுக்கு நல்லதுதானே?" என்று கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. மெக்சிகோவில் ஸ்கெலோபோரஸ் ஓணான்கள் முன்பு இருந்த 200 இடங்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 1975க்குப் பிறகு 12 சதவீத இடங்களில் அவை அழிந்துவிட்டிருந்தன. இந்த முடிவு 2010இல் வெளியானது. வெயில் தாங்காமல் செத்து விழவில்லை. இனப்பெருக்கக் காலத்தில் வெப்பம் கூடியதால் நிழலில் ஒதுங்கும் நேரம் அதிகமாகி, இரை தேடும் நேரம் குறைந்து, வம்சம் நின்றுபோனது. சரி, இன்னும் மேலே ஏறிக்கொள்ளலாமே என்றால், நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டரில் முடிந்துவிடுகிறது.

வெப்பமயமாதலை ஊட்டியில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர் நிறுத்த முடியாது. ஆனால் வெயில் காயும் இடத்தையும் ஒளியும் இடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் விட்டுவைக்க முடியும். வேலிச்செடி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள், ஒரு பக்கம் வெட்டி, அது துளிர்த்த பிறகு மறுபக்கம் வெட்டலாம். வெயில்படும் மூலையில் நாலு கல் கிடந்தால் கிடக்கட்டும். படம் எடுக்கக் கல்லைப் புரட்டும் நண்பர்கள் அதைப் பழையபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும், அடியில் அரணை இருக்கலாம். மஞ்சள் பூ பூக்கும் கோர்ஸ் என்ற அயல்நாட்டு முட்புதரை அகற்றும்போதுகூட எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம். அது வரக்கூடாத செடிதான், ஆனால் ஓணான் இப்போது அதிலும் குடியிருக்கிறது. பக்கத்தில் நம் ஊர்ப் புதர் வளர்ந்த பிறகு படிப்படியாக எடுக்கலாம்.

இன்னொன்று, சலியாவுக்கு விஷம் கிடையாது. காலையில் குளிர்ந்து கிடக்கும்போது பூனையிடமிருந்தோ கத்தரிக்கோலிலிருந்தோ ஓடக்கூட அதனால் முடியாது. அதனால் வேலி வெட்டும் வேலையை நன்றாக வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் ஒரு குச்சியால் செடியை மெல்லத் தட்டிவிட்டு.