கல் எதிரொலித்ததா, பெட்டி எதிரொலித்ததா?

பிங்க் ஃப்ளாய்ட் என்னும் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ரசிகர் யாரிடமாவது, இத்தாலியின் பழைய ரோமானிய நகரமான பொம்பெயில் அவர்கள் வாசித்த கச்சேரிப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்துக்குள் "அந்த எதிரொலி இருக்கே!" என்று கண்ணை மூடிக்கொள்வார். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கல் அரங்கம், ஒருவர்கூட இல்லாத படிக்கட்டுகள், நடுவில் நான்கு இளைஞர்கள், சுற்றிலும் ஆளுயர ஸ்பீக்கர்கள். கல்லில் மோதித் திரும்பும் இசையைத்தான் கேட்கிறோம் என்று நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் இருப்பதுதான் கடினம். கேமரா அப்படி நம்ப வைக்கிறது.

படத்தின் பிறப்பிலேயே எதிரொலி இருக்கிறது. இயக்குநர் ஏட்ரியன் மேபன் 1971-இல் இத்தாலிக்கு விடுமுறைக்குப் போனவர், பொம்பெய் இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கையில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் அதைத் தேடித் திரும்பிப் போனபோது ஆம்ஃபிதியேட்டரில், அதாவது அந்த வட்டக் கல் அரங்கத்தில், ஆள் அரவமே இல்லை. சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்ட அந்த இடத்தில், பார்வையாளர் இல்லாத ஒரு கச்சேரியைப் படமாக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ராக் கச்சேரிப் படம் என்றாலே அலைமோதும் கூட்டம்தான் என்றிருந்த காலம் அது. நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் உதவியால் அனுமதி கிடைத்தது. அக்டோபரில் படப்பிடிப்பு.

கூட்டமில்லாமல் கிடப்பது அந்த அரங்கத்துக்குப் புதிதல்ல. கி.மு. 70 வாக்கில் கட்டப்பட்ட அது, இன்று நிற்கும் ரோமானியக் கல் ஆம்ஃபிதியேட்டர்களில் மிகப் பழையது. சுமார் 20,000 பேர் உட்காரலாம். கி.பி. 59-இல் உள்ளூர்க்காரர்களும் பக்கத்து ஊரான நுகேரியாக்காரர்களும் வாள்சண்டை பார்க்க வந்து, கடைசியில் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். அங்கே இத்தகைய காட்சிகளுக்கு ரோம் பத்தாண்டுத் தடை போட்டது. பிறகு 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து எல்லாவற்றையும் மூடியது.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் கேட்பதும், மலைக்கு எதிரே நின்று கத்தினால் கேட்பதும் ஒன்றல்ல. நேரடிச் சத்தத்துக்கும் திரும்பிவரும் சத்தத்துக்கும் இடையே சுமார் 50 மில்லி நொடிக்கும் குறைவான இடைவெளி இருந்தால் காது இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துக்கொள்கிறது. குரல் கனத்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். இடைவெளி அதற்கு மேல் நீண்டால் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். அது எதிரொலி. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் திரும்பல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தேய்ந்து மறைந்தால் அது முழக்கம். ஒலிப்பதிவாளர்கள் ரிவெர்ப் என்பார்கள்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். பொம்பெய் அரங்கின் தரை நீள்வட்டம், சுமார் 66 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். இசைக்குழு நடுவில் நின்றதாக வைத்துக்கொண்டால், பக்கச் சுவருக்குப் போய்த் திரும்ப 35 மீட்டர், அதாவது பத்தில் ஒரு நொடி. நீளவாக்கில் போய்த் திரும்ப 66 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு நொடி. இரண்டுமே 50 மில்லி நொடியைத் தாண்டியவை. எனவே எதிரொலி அங்கே உண்மைதான். மேபனின் காது பொய் சொல்லவில்லை. முழக்கம்தான் குறைவு. காரணம் எளிது: கூரை இல்லை. மேலே போன ஒலி வானத்தோடு போயிற்று, திரும்பாது. சரிந்த படிகளும் ஒலியைக் கீழே அனுப்புவதைவிட மேலே தள்ளிவிடுவதே அதிகம்.

அங்கே நின்று கேட்டவர்களுக்குக் கல் நன்றாகவே பதில் சொல்லியிருக்கும். நாம் கேட்பது ஒலிவாங்கி கேட்டதை. அது எங்கே இருந்தது? படத்தைக் கவனித்துப் பாருங்கள், மைக்குகள் ஸ்பீக்கருக்கு முகத்தோடு முகம் வைத்து நிற்கும். ஒரு மைக் ஸ்பீக்கரிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைப்போம். சுவரில் மோதி வரும் ஒலி 35 மீட்டர் பயணித்து வருகிறது, அதாவது 350 மடங்கு தூரம். தூரம் கூடக்கூட ஒலியழுத்தம் அதே விகிதத்தில் குறையும். நேரடி ஒலியில் தோராயமாக 350-இல் ஒரு பங்கு! டெசிபலில் சொன்னால் 50 கீழே. கிட்டார் முழங்கிக்கொண்டிருக்கும்போது அது காதில் விழவே விழாது. டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்குகளில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். அதுவும் கொஞ்சம்தான்.

அப்படியானால் ரசிகர் கண்ணை மூடி ரசிக்கும் எதிரொலி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஒரு பெட்டியிலிருந்து.

பின்சன் எக்கோரெக் என்பது அந்தப் பெட்டியின் பெயர். அதுவும் இத்தாலிக்காரிதான், மிலான் நகரில் செய்தது. அக்கால எதிரொலிக் கருவிகள் பல, காந்த நாடா ஒன்றை வளையமாகச் சுற்றவிட்டு வேலை செய்தன. நாடா தேயும், நீளும், சுருங்கும். பின்சன் அதற்குப் பதிலாக ஒரு உலோக உருளையை வைத்தது. விளிம்பில் காந்தக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். உருளை ஓயாமல் சுழலும். பதிவுத் தலை ஒன்று ஒலியைக் கம்பியில் காந்தமாக எழுதும். சற்றுத் தள்ளித் தள்ளி வைத்த வாசிப்புத் தலைகள், எழுதியது தம்மைக் கடக்கும்போது படித்துச் சொல்லும். கடைசித் தலைக்கு அது வந்து சேர ஏறக்குறைய 300 மில்லி நொடி ஆகும். பிறகு அழிப்புத் தலை துடைத்துவிடும், மறுபடி எழுதலாம். படித்ததில் ஒரு பங்கை மீண்டும் பதிவுத் தலைக்கே கொடுத்தால் எதிரொலிக்கு எதிரொலி பிறக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மேல்ஸ்தாயி அதிர்வுகள் கொஞ்சம் உதிர்ந்து, ஒலி மங்கிக்கொண்டே போகும். தூரத்து மலையிலிருந்து வரும் எதிரொலியும் அப்படித்தான் மங்கும். காற்றும் மேல்ஸ்தாயியைத்தான் முதலில் விழுங்குகிறது. நம் மூளை இந்த மங்கலைத் 'தூரம்' என்று படித்துக்கொள்கிறது. ஒரு சாப்பாட்டுத் தூக்கைவிடச் சற்றே பெரிய பெட்டிக்குள் பள்ளத்தாக்கு ஒன்று அடங்கியது இப்படித்தான். 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாட்டின் தொடக்கத்தில் குதிரைப் பாய்ச்சலாக வரும் பாஸ் கிட்டார் இந்த உருளையின் உபயம். விரல் ஒருமுறை தட்டும்; மிச்சத்தைப் பெட்டி தட்டிக்கொள்ளும்.

'எக்கோஸ்' என்ற பாட்டு தொடங்கும் அந்த ஒற்றைச் சொட்டு ஒலிக்கு வேறொரு பெட்டி. ஸ்டுடியோவில் குழுவின் கீபோர்டுக் கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோவை லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பியபோது கிடைத்தது அது. லெஸ்லிக்குள் ஊதுகுழல் போன்ற வாய் சுழன்றுகொண்டே இருக்கும். வாய் நம் பக்கம் வரும்போது சுருதி ஒரு மயிரிழை ஏறும், விலகும்போது இறங்கும். ரயில் கூவிக்கொண்டு கடந்து போகும்போது நாம் உணரும் அதே டாப்ளர் விளைவு. தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் அந்தச் சொட்டு அலைவது இதனால்தான்.

அதே பாட்டின் நடுவில் வரும் கடற்பறவைக் கூச்சல் எனக்கு இன்னும் பிடிக்கும். வா-வா பெடல் என்பது கால் அசைவுக்கேற்ப ஒலியின் ஒரு பட்டையை மட்டும் தூக்கிக் காட்டும் வடிகட்டி. கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் அதன் உள்வழியில் செருக வேண்டியதை வெளிவழியில் செருகினார், தலைகீழாக. வடிகட்டி வடிகட்டுவதை விட்டுவிட்டு, தனக்குத்தானே ஊட்டிக்கொண்டு கூவத் தொடங்கிவிட்டது. கிட்டாரின் குமிழைத் திருகினால் கூவலின் சுருதி ஏறி இறங்கும். தந்தியை மீட்டவே வேண்டாம்.

சரி, இத்தனையும் பெட்டிக்குள் இருக்கிறதென்றால் பொம்பெய் வரை எதற்குப் போக வேண்டும்? காலியாக இருப்பதன் பலன் எதிரொலியில் இல்லை, அமைதியில் இருக்கிறது. வழக்கமான கச்சேரிப் படத்தில் பாடகரின் மைக்குக்குள் ஆயிரம் பேரின் ஊளையும் புகுந்துவிடும். கூட்டத்துக்கென்று தனியே வைக்கும் மைக்குகள் மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால், இசை அவற்றை 90 மில்லி நொடி தாமதமாக எட்டும். கலவை செய்பவர் அதை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் டிரம்ஸ் இரட்டையாகக் கேட்கும். இங்கே அந்தத் தொல்லை எதுவும் இல்லை. திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்த சில உள்ளூர்ப் பையன்கள் மட்டும்தான் பார்வையாளர்கள். காற்றும், 'கோங்' என்னும் பெரிய உலோகத் தட்டின் ஓசையும் மட்டுமே நிற்கும் இடைவெளிகளைத் துணிந்து அப்படியே விட முடிந்தது அதனால்தான்.

மின்சாரம்தான் படுத்தியெடுத்தது. அத்தனை ஆம்ப்ளிஃபையர்களுக்கும் அரங்கத்தில் கிடைத்த இணைப்பு போதவில்லை. சில நாட்கள் வீணான பிறகு, ஊருக்குள்ளிருந்து தெருத்தெருவாகக் கேபிள் இழுத்தார்கள். அதை யாரும் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலையாக இருந்திருக்கும்.

அடுத்தது, படத்தையும் ஒலியையும் பிணைப்பது. கேமராவில் ஓடுவது பிலிம். ஒலி தனியே காந்த நாடாவில். பிலிமுக்கு ஓரத்தில் துளைகள் உண்டு, பல்சக்கரம் எண்ணி இழுக்கும். நாடாவுக்குத் துளை கிடையாது, வழுக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு வேக வித்தியாசம் இருந்தாலே பத்து நிமிடத்தில் 0.6 நொடி விலகல் வந்துவிடும். நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) என்றால் 14 சட்டங்கள். குச்சி தோலில் படுவதற்கும் சத்தத்துக்கும் இடையே அவ்வளவு இடைவெளி இருந்தால் பார்க்கச் சகிக்காது. அதற்காகத்தான் கேமரா மோட்டாரைத் துல்லியமான துடிப்பு ஒன்றோடு கட்டி, அதே துடிப்பை ஒலியோடும் பதிவுசெய்து, பின்னால் இரண்டையும் ஒப்பிட்டு ஓட்டும் முறை வந்தது. வேடிக்கை என்னவென்றால், இப்படிப் பொருத்தினால் கிடைப்பது இயற்கைக்கு மாறான ஒன்று. மேல்படியில் 60 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த ரோமானியனுக்கு வாள் மோதுவது முதலில் தெரிந்திருக்கும், ஓசை 175 மில்லி நொடி கழித்தே கேட்டிருக்கும். மேபனின் தூரக் காட்சிகளில் அந்தத் தாமதம் கிடையாது. கண் மேல்படியில் இருக்கிறது, காது ஸ்பீக்கருக்குள் இருக்கிறது.

35 மில்லிமீட்டர் பிலிம் ஆயிரம் அடிச் சுருள் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 'எக்கோஸ்' 23 நிமிடத்துக்கு மேல். ஒரே கேமரா ஒரே ஓட்டத்தில் அதைப் பிடிக்கவே முடியாது. படத்தில் பாட்டு இரண்டாக உடைந்து, ஒரு பாதி தொடக்கத்திலும் மறுபாதி முடிவிலும் வருகிறது.

பொம்பெயில் வாசித்தவை மூன்று பாடல்கள்தாம்: 'எக்கோஸ்', 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்'. மீதியைப் பின்னர் பாரிஸ் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். எது எங்கே எடுத்தது என்று கண்டுபிடிக்க ரசிகர்களிடம் ஒரு வழி இருக்கிறது. ரைட்டின் தாடியைப் பாருங்கள். தாடி இருந்தால் பொம்பெய், மழித்திருந்தால் பாரிஸ்.

'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' காட்சியில் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனையே பெரும்பாலும் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ஏதோ கலை நோக்கம் என்று எழுதியவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் பாட்டின் மற்றச் சுருள்கள் தொலைந்துபோயின. அந்த இழப்பால்தான் நமக்கு ஒரு அற்புதக் கணம் முழுசாகக் கிடைத்தது: வாசிப்பின் உச்சத்தில் மேசனின் கையிலிருந்து குச்சி நழுவுகிறது, அடுத்ததை எடுத்துத் தாளம் பிசகாமல் தொடர்கிறார். உதட்டசைப்புக் காட்சியில் இப்படியொன்று நடக்காது.

2025-இல் படம் மறுபடி அரங்குகளுக்கு வந்தது. அசல் நெகட்டிவ் கிடைத்து, அதிலிருந்து சட்டம் சட்டமாக 4கே தரத்தில் புதுப்பித்திருக்கிறார்கள். இதுவரை நாம் பார்த்தவை பிரதிக்குப் பிரதி எடுத்தவை. ஒவ்வொரு பிரதியிலும் கூர்மை குறையும், துகள் கூடும், பின்சன் பெட்டியில் சுற்றும் எதிரொலியைப் போலவே. ஒலியை இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் புதிதாகக் கலந்திருக்கிறார். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் டிரம்ஸைச் சுற்றி லேசாக ஒரு வெளி தெரிகிறது. கல்லாக இருக்கலாம்.

கில்மோர் 2016 ஜூலையில் அதே அரங்குக்குத் திரும்பிப்போய் இரண்டு இரவுகள் வாசித்தார். இம்முறை ரசிகர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களை நிறுத்தியது ஒரு காலத்தில் வாள்வீரர்கள் நின்ற மணல்தரையில். பழைய படிக்கட்டுகளில் அன்றும் யாரும் உட்காரவில்லை.