ஆக்கரன்ஸ்: பொன் எங்கே படுகிறது?

என் தங்கை மகன் நிலவியல் படித்துவிட்டுக் கர்நாடகத்தில் ஓர் ஆய்வுக் குழுவோடு பாறை தட்டிக்கொண்டிருக்கிறான். போன மாதம் திருவையாற்றுக்கு வந்தவன், செல்போனில் ஆங்கில அறிக்கை ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு பக்கத்தைக் காட்டி, “மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க” என்றான். ‘இப்பகுதியில் சிறிய தங்க நிகழ்வு ஒன்று கண்டறியப்பட்டுள்ளது’ என்று இருந்தது. எனக்கு நகைக்கடைத் திறப்பு விழாதான் நினைவுக்கு வந்தது.

மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்து, ‘ஆக்கரன்ஸ்’ (occurrence) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே முதலில் கண்ணில் பட்ட ‘நிகழ்வு’ என்பதை எடுத்துப் போட்டிருக்கிறார். அவரை ரொம்பக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்திலேயே அது இரட்டை முகம் கொண்ட சொல். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஒப்’ என்றால் எதிரே, ‘குர்ரேரெ’ என்றால் ஓடுதல். இரண்டும் சேர்ந்து எதிரே ஓடிவருதல், எதிர்ப்படுதல் என்று பொருள் தரும். நடந்தேறுதல் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. நிலவியல்காரர்கள் பிடித்துக்கொண்டது எதிர்ப்படுதலை. நடந்து போகிறோம், பாறையில் தங்கம் எதிர்ப்படுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு இருக்கிறது, வெட்டினால் கட்டுபடியாகுமா என்பது பற்றி அந்தச் சொல் வாயே திறப்பதில்லை.

அப்படி வாய் திறக்காத சொல் ஒன்று அவர்களுக்குத் தேவை. தங்கம் இல்லாத இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். சாதாரணப் பாறையில்கூட டன்னுக்குச் சில மில்லிகிராம் இருக்கும். வெட்டியெடுக்க வேண்டுமென்றால் டன்னுக்குச் சில கிராமாவது வேண்டும். பெரிய திறந்தவெளிச் சுரங்கமாக இருந்தால் ஒரு கிராமுக்குக் குறைந்தும் சமாளிப்பார்கள். ஆக, இயற்கை ஏதோ ஒரு வழியில் தங்கத்தை ஆயிரம் மடங்கு போலக் கூட்டிச் சேர்த்திருக்க வேண்டும்.

கோலார்ப் பக்கத்துப் பழம்பாறைகளில் அந்தச் சேர்க்கை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. பூமியின் ஆழத்தில் கந்தகம் கலந்த வெந்நீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு, பாறை வெடிப்புகள் வழியே மேலேறியது. வழியில் அழுத்தம் சட்டென்று குறைந்த இடத்திலும், இரும்புச் சத்துள்ள பாறை அந்தக் கந்தகத்தை இழுத்துக்கொண்ட இடத்திலும் நீரால் தங்கத்தைத் தாங்க முடியவில்லை. உதிர்த்துவிட்டது. கூடவே குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லும் படிந்து வெடிப்பை அடைத்தது. அதனால்தான் தங்கம் தேடுபவர்கள் முதலில் வெள்ளைக் கோடு தேடுகிறார்கள். மேட்டுநிலத்துக்காரர்கள் அதை வெங்கச்சங்கல் என்பார்கள். டெல்டாவில் பாறையே கிடையாது, எல்லாம் வண்டல். ஆனாலும் தஞ்சாவூரை ஒட்டிய வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்து பேர் வாங்கியிருக்கிறோம். அதுவும் குவார்ட்ஸ்தான். என்ன, தங்கம் இல்லாத குவார்ட்ஸ்.

சின்ன இடத்தில் தொல்லை அதிகம் என்கிறான் மருமகன். கோடு கையகலம் இருக்கும், பத்தடி தள்ளி விரலகலமாகச் சுருங்கும், அப்புறம் காணாமல் போகும். தங்கமோ மாவில் தூவிய கற்கண்டு மாதிரி சீரில்லாமல் கிடக்கும். ஒரு மாதிரிக் கல்லில் டன்னுக்கு 20 கிராம் வரும், பக்கத்துக் கல்லில் ஒன்றுமே வராது. ஒரு கல்லை நம்பி ஊரைக் கூட்டினால் அவமானம்தான். ஆகவே ஓடை மணலைப் பார்த்து, மேல்மண்ணைச் சோதித்து, நீளக் குழி வெட்டி, கடைசியில்தான் துளை போடுகிறார்கள். நம் நாட்டு விதிகளில் இந்தப் படிகளுக்கு ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று பெயர். ஜி4 என்பது மேலோட்டமான பார்வை, ஜி1 விரிவான ஆய்வு. பெரும்பாலான ஆக்கரன்ஸ்கள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடும்.

படிகளைக் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 பிப்ரவரியே போதும். உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ராவில் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் என்று நாடு முழுக்கச் செய்தி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மறுத்து விளக்கம் சொன்னது. சுமார் 52,800 டன் தாது, அதில் டன்னுக்குச் சராசரி 3.03 கிராம், ஆக மொத்தம் 160 கிலோ. டன் எங்கே, கிலோ எங்கே!

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தோற்றம்’ என்று எழுதுகிறார்கள், அது உருவான கதையைக் குறிப்பதுபோல ஒலிக்கிறது. ‘இருப்பு’ என்றால் கணக்குப் போட்டு முடித்து, வெட்டினால் லாபம் என்று உறுதியான சரக்கு. அதை இங்கே கொண்டுவந்தால் சோன்பத்ரா கதைதான். ‘படிவு’ நல்ல சொல், ஆனால் அது அடுத்த படிக்கு உரியது. ஓரளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தபின் சொல்ல வேண்டியது.

விடை ‘படு’ என்ற சின்ன வினைச்சொல்லில் இருக்கிறது. மலைபடு பொருள், காடுபடு பொருள், நாடுபடு பொருள், நகர்படு பொருள், கடல்படு பொருள் என்று பழைய தமிழ் ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறது. மிளகும் அகிலும் மலைபடு பொருள், முத்தும் பவளமும் உப்பும் கடல்படு பொருள். ஒரு பொருள் ஓரிடத்தில் இயல்பாகக் கிடைப்பதுதான் அங்கே ‘படுதல்’. எதிர்ப்படுதல், தட்டுப்படுதல், அகப்படுதல் எல்லாவற்றிலும் அதே ‘படு’. நாங்கள் வாழை வைக்கும் ஆற்றுப் படுகையும் அதன் பிள்ளைதான்.

பெயர்ச்சொல்லாக்க நான் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. நாகப்பட்டினம் கரையில் நின்றால் காதில் விழும்: ‘இன்னிக்கு மீன்பாடு எப்படி?’ வலையில் எவ்வளவு பட்டது என்று கேட்கிறார்கள். நிறையவும் படலாம், ஒன்றுமே படாமலும் போகலாம், நாளைக்கு உறுதி கிடையாது. ஆக்கரன்ஸின் குணம் அப்படியே இதில் இருக்கிறது. அதனால் கனிமப்பாடு, தங்கப்பாடு என்றே எழுதலாம் என்பது என் கட்சி. தங்கப்பாடு என்றால் கல்யாணத்துக்கு நகை வாங்கப் பெற்றவர்கள் படும் பாடு என்று யாராவது நினைத்தால், அதுவும் பொய்யில்லை.

மருமகன் விடவில்லை. “அப்ப நம்ம ஆத்துக்குப் பொன்னின்னு பேர் இருக்கே மாமா, இங்கே தங்கப்பாடு உண்டா?”

பட்டினப்பாலை காவிரியைப் பற்றி ‘புனல் பரந்து பொன் கொழிக்கும்’ என்று பாடுகிறது. அதே பாட்டு பூம்புகார்த் தெருவில் குவிந்த சரக்கை எண்ணும்போது ‘வடமலைப் பிறந்த மணியும் பொன்னும்’ என்கிறது. பொன் வடக்கு மலையிலிருந்து வந்தது, காவிரியின் பங்குக்குத் தனியாகக் ‘காவிரிப் பயன்’. புலவர் கணக்கில் கெட்டிதான். நிலவியலும் அந்தப் பக்கமே சாய்கிறது. தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். ஆறு வேகம் இழக்கும் முதல் இடத்திலேயே பெரிய துகள்கள் தங்கிவிடும், கல்லணை தாண்டி வருவது பெரும்பாலும் மென்மணலும் களியும்தான். தங்கப்பாடு உள்ள வயநாட்டில் கபினி பிறந்து காவிரியில் சேர்வது உண்மை. ஆனால் 1880 வாக்கில் லண்டனில் தங்கச் சுரங்கக் கம்பெனிகள் முளைக்கக் காரணமான தேவாலா, பந்தலூர்ப் பக்கத்து ஓடைகள் பெரும்பாலும் மேற்கே இறங்கிச் சாலியாற்றுக்குப் போகின்றன. நிலம்பூர்ப் பக்கம் அந்த ஆற்று மணலை அரித்துப் பொன் எடுத்தவர்கள் உண்டு. லண்டன் கம்பெனிகளோ சில வருடங்களில் கவிழ்ந்தன. பாடு இருந்தது, இருப்பு இல்லை.

‘கொழித்தல்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட மனசில்லை. ஆற்று மணலைத் தட்டில் போட்டு ஆட்டிப் பொன் பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் தட்டின் பெயரையே வினையாக்கிக்கொண்டார்கள். நம் வீட்டில் அம்மா முறத்தில் நொய் கொழிப்பதும், இரண்டு பாத்திரம் வைத்து அரிசி அரிப்பதும் அதே வேலை. தண்ணீரோடு அரிசி நகர்ந்துவிடும், கனமான கல் அடியில் நிற்கும். அங்கே கல்லுக்குப் பதில் பொன்.

மருமகன் ஊருக்குத் திரும்பியபின், அடுத்த அறிக்கையில் ‘தங்கப்பாடு’ என்று போட்டுப் பார்க்கிறேன் என்றான். போட்டானா தெரியாது. நேற்று ராத்திரி புதுக் குழியின் முடிவு வந்ததாம். ஒரே வரியில் செய்தி அனுப்பியிருந்தான்: “இன்னிக்குப் பாடு இல்ல மாமா.”