நிலமானியப் பல்கலைக்கழகமா? அங்கே ஜமீன்தார் யார்?

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்புக் கைப்பிரதி மெய்ப்புப் பார்க்க வந்தது. அமெரிக்க உயர்கல்வியின் வரலாறு. மூன்றாம் பக்கத்திலேயே "விஸ்கான்சின் நிலமானியப் பல்கலைக்கழகம்" நின்றுகொண்டிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். இருபது வருடமாக இந்தச் சொல் என்னைத் துரத்துகிறது. வேளாண் கல்வி பற்றிய விழா மலர்களில் வரும், போட்டித் தேர்வுக் கையேடுகளில் வரும், மேடைகளில் வரும். ஒருமுறை கொங்குப் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் பேச்சாளர் இன்னும் ஒரு படி மேலே போய் "நிலம் வழங்கும் பல்கலைக்கழகங்கள்" என்று முழங்கினார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "ஆளுக்கு எத்தனை ஏக்கருங்க தம்பி குடுப்பாங்க?" கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்று வரை தெரியவில்லை. கேள்வி நியாயமான கேள்வி.

மூலச்சொல் 'லேண்ட் கிராண்ட் யுனிவர்சிட்டி'. கிராண்ட் என்பது லத்தீனில் 'நம்பு' என்ற வினையிலிருந்து கிளம்பி, பழைய பிரெஞ்சில் 'உறுதி கொடு' என்றாகி, ஆங்கிலத்தில் 'வழங்கு' என்று வந்து சேர்ந்த சொல். நம் மானியம் வடமொழி 'மான்ய', அதாவது மதிப்புக்குரியது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். இரண்டு சொல்லின் வேரும் நமக்கு ஒரு உதவியும் செய்யப் போவதில்லை. பொருள் என்ன என்பதுதான் பேச்சு.

இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அடித்தளம் 1862 ஜூலை 2 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஒரு சட்டம். வெர்மான்ட் மாநிலத்துக் கொல்லர் ஒருவரின் மகனான ஜஸ்டின் மோரில் கொண்டுவந்தது. இதே யோசனையை 1859இல் அப்போதைய குடியரசுத் தலைவர் புக்கானன் நிராகரித்திருந்தார். சட்டம் சொன்னது இதுதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும், அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதற்குள்ள செனட்டர், பிரதிநிதி தலைக்கு 30,000 ஏக்கர் நடுவண் அரசின் நிலம். மாநிலம் அந்த நிலத்தை விற்க வேண்டும். விற்ற பணத்தை ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் வட்டி வரும் பத்திரங்களில் போட வேண்டும். அந்த வட்டியில் வேளாண்மையும் கைத்தொழில் நுட்பமும் கற்பிக்கும் ஒரு கல்லூரியாவது நடக்க வேண்டும். போட்ட முதலில் கைவைக்கக் கூடாது. குறைந்தால் மாநிலம் தன் பணத்தைப் போட்டு நிரப்ப வேண்டும். விற்ற பணத்தில் 10 சதவீதம் வரை மட்டும் வளாகத்துக்கோ பண்ணைக்கோ இடம் வாங்கலாம். கட்டடம் கட்ட ஒரு சென்ட் கூடத் தொடக் கூடாது.

இதைப் படித்த பிறகு "அரசு கொடுத்த இடத்தில் கட்டிய பல்கலைக்கழகம்" என்று எழுத யாருக்குக் கை வரும்? ஆனால் அப்படித்தான் அடிக்குறிப்புப் போடுகிறார்கள். நிலம் ஓரிடம், பல்கலைக்கழகம் வேறிடம். பல மாநிலங்களுக்குள் கொடுப்பதற்கு நடுவண் அரசின் நிலமே இல்லை. அவற்றுக்கு எங்கோ மேற்கில் எடுத்துக்கொள்ளும்படி காகிதச் சீட்டுத்தான் கிடைத்தது. ஓஹையோவின் பங்கு 630,000 ஏக்கர். அந்தச் சீட்டை ஏக்கர் ஏறக்குறைய அரை டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். அரசு விலையே ஒன்றேகால் டாலர் இருந்த காலத்தில்! எல்லா மாநிலமும் ஒரே நேரத்தில் சந்தைக்குச் சீட்டைக் கொண்டுவந்தால் விலை என்னாகும்? தக்காளி விளைந்த கதைதான். அந்தப் பணத்தின் மேல் 1870இல் எழுந்த கல்லூரிதான் 1878இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெல் கொஞ்சம் விவரமானவர். மாநிலத்திடம் சீட்டை வாங்கி, விஸ்கான்சினின் பைன் மரக் காடுகளில் நிலமாக மாற்றி, விலை ஏறும் வரை பொறுத்திருக்க வழி செய்தார். பல்கலைக்கழகம் இருக்கும் இத்தாக்காவில் பாடம், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் காடு.

இப்போது 'நிலமானியம்' என்ற சொல்லுக்கு வருவோம். நம் வரலாற்றுப் பாடநூல்களில் 'நிலமானிய முறை' என்றால் என்ன? ஐரோப்பாவின் இடைக்காலப் பிரபுத்துவம். அரசன் பிரபுவுக்கு நிலம் கொடுப்பான், பிரபு படை கொடுப்பான், அடியில் பண்ணையடிமை உழைப்பான். பத்தாம் வகுப்பு தாண்டிய எவருக்கும் அந்தச் சொல் கிளப்பும் படம் கோட்டையும் குதிரைவீரனும்தான். அந்தப் படத்தைத் தூக்கி, உழவன் மகனுக்கும் தச்சன் மகனுக்கும் கல்லூரிக் கதவைத் திறக்கக் கொண்டுவந்த சட்டத்தின் தலையில் வைக்கிறோம். விஸ்கான்சினில் 1885இல் பண்ணை வேலை இல்லாத பனிக்காலத்தில் இளம் விவசாயிகளுக்கு ஒரு குறுகிய படிப்புத் தொடங்கினார்கள். முதல் குளிர்காலத்தில் வந்தவர்கள் 19 பேர். இதுவா நிலமானிய அமைப்பு? கைப்பிரதியில் ஒரு வாக்கியம் அப்படியே இருந்தது: "நிலமானியக் கல்வி ஜனநாயகத்தை வளர்த்தது." படிக்கிற பிள்ளை தலையைச் சொறியாமல் என்ன செய்யும்?

சரி, பாடநூலை விட்டுவிடுவோம், பழைய பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பழைய பொருளில் மானியம் இறையிலி, அதாவது வரியில்லா நிலம். கோயிலுக்கு, மடத்துக்கு, கர்ணத்துக்கு, வெட்டியானுக்கு விட்டது. மானியம் பெற்றவன் அந்த நிலத்தை உழுதோ உழுவித்தோ விளைச்சலை அனுபவிப்பான். விற்றுவிட்டுப் பத்திரம் வாங்க மாட்டான். விற்றால் ஊரே கூடிவிடும். இங்கோ விற்பதுதான் சட்டத்தின் உயிர்.

மூன்றாவது, இன்றைய பொருள். இன்று மானியம் என்றால் உர மானியம், எரிவாயு மானியம், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழு. ஆண்டுதோறும் அரசு கஜானாவிலிருந்து வருவது, நினைத்தால் நிறுத்தக்கூடியது. இதில்தான் பெரிய குழப்பம். ஏனென்றால் இதே பல்கலைக்கழகங்களுக்கு உண்மையான மானியம் பிறகு வந்தது! 1887இல் ஹாட்ச் சட்டம் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களுக்கு மாநிலம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் கொடுத்தது. 1890இல் இரண்டாவது மோரில் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 15,000 டாலரில் தொடங்கி, ஆண்டுக்கு 1,000 கூட்டி, 25,000 வரை ரொக்கமாகக் கொடுத்தது. மாணவர் சேர்க்கையில் நிறம் பார்க்கும் மாநிலம் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி வைத்தால்தான் அந்தப் பணம் என்று நிபந்தனையும் போட்டது. இது மானியம், சுத்தமான மானியம். 1862இல் வந்ததையும் மானியம் என்று எழுதிவிட்ட மொழிபெயர்ப்பாளர் 1890க்கு என்ன சொல் வைத்திருக்கிறார்? நம் கைப்பிரதிக்காரர் "கூடுதல் நிலமானியம்" என்று எழுதியிருந்தார். அந்தச் சட்டம் ஒரு பிடி மண் கூட யாருக்கும் கொடுக்கவில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் 'நிலக்கொடைப் பல்கலைக்கழகம்' என்பார்கள். மானியத்தை விட அழகு, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வடசொல் மேல் பகையும் இல்லை, தமிழ்ச்சொல் என்பதற்காகவே கும்பிடு போடும் பழக்கமும் இல்லை. கொடைக்கு இரண்டு இடைஞ்சல். ஒன்று, கொடை நிலம் என்றால் நம் காதில் ஒலிப்பது எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டு. இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களுக்கு அந்த ஊரில் சோறும் படிப்பும். அதற்கென்று விட்ட நிலத்தின் நெல் அந்த வயிற்றுக்கே போனது. அது நிலக்கொடை. மற்றொன்று, யார் வீட்டுப் பொருளை யார் கொடுத்தார்கள்? அந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏக்கர்கள் பழங்குடி மக்களிடமிருந்து மிரட்டியும் ஒப்பந்தம் எழுதியும் பிடுங்கியவை. கார்னெலுக்காக விற்ற பைன் காடு ஓஜிப்வே மக்கள் 1837 ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்த பகுதி. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நிற்கும் மாடிசன் மண் ஹோ-சங்க் மக்களுடையது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்ததைக் கொடை என்று தமிழில் பொறித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் என்ன சொல்? நம் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பணத்தை ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வைத்தார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது பன்னிரண்டரை சதவீத வட்டி. முதல் அப்படியே நிற்கும், பொலிசையில் காரியம் நடக்கும், சந்திர சூரியர் உள்ளவரை. விளக்கெரிக்க ஆடு விட்டார்கள் அல்லவா, நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடு? அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகும், மூப்படையும். மந்தையின் எண்ணிக்கை சாகாது, மூப்படையாது. குட்டி போட்டு ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், மேய்ப்பவன் நெய் அளந்துகொண்டே இருப்பான். "முதல் என்றும் குறையாமல் இருக்க வேண்டும்" என்று 1862இல் வாஷிங்டனில் எழுதியது இந்தச் சாவா மூவாப் பேராட்டைத்தான்.

ஆகவே என் சொல் 'நிலமுதல்'. நிலத்தை விற்று உண்டாக்கிய முதல். நிலமுதல் கல்லூரி, நிலமுதல் சட்டம். முதல் என்பது கடைத்தெருவில் இன்றும் புழங்கும் சொல். "முதல் போட்டிருக்கேன்", "முதலுக்கே மோசம்" என்று சொல்லாத வியாபாரி உண்டா? சில மாநிலங்களில் நடந்ததும் முதலுக்கே மோசம்தான்.

விஸ்கான்சின் கணக்கைப் பார்த்தால் சொல் தானே உட்காரும். 1848இல் மாநிலம் பிறந்த கையோடு பிறந்த பல்கலைக்கழகம். அதற்கென்று நடுவண் அரசு முன்பே ஒதுக்கியிருந்த 46,080 ஏக்கரையும் 1854இல் வந்த இன்னொரு 46,080 ஏக்கரையும், குடியேறுவோரை இழுக்க வேண்டும் என்று மாநிலம் அடிமாட்டு விலைக்கு விற்றது. 1854இல் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் 2 பேர். 1866இல் மோரில் சட்டத்தின் 240,000 ஏக்கர் இதற்கு என்று முடிவானபோது, பண்ணைக்கு இடம் வாங்க டேன் மாவட்டம் 40,000 டாலருக்குப் பத்திரம் வெளியிட வேண்டியிருந்தது. ஏன்? நிலம் இருந்தது, ஆனால் அது முதல், பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொட முடியாது. வட்டி போதாமல் 1876இல் மாநிலம் சொத்து மதிப்பில் 10,000 டாலருக்கு 1 டாலர் வரி என்று பல்கலைக்கழகத்துக்கு நிலையாக ஒதுக்கியது. முதல், வரி, மானியம் என்று மூன்று ஊற்று. மூன்றையும் 'மானியம்' என்ற ஒரே குடத்தில் ஊற்றினால் அந்த நாற்பது வருட வளர்ச்சி எப்படி நடந்தது என்று வாசகனுக்குப் புரியவே புரியாது.

வளர்ச்சியின் பலனும் சொல்லத் தக்கது. 1890இல் அங்கே ஸ்டீபன் பாப்காக் கந்தக அமிலத்தைக் கலந்து சுழற்றி, பாலில் எவ்வளவு கொழுப்பு என்று சில நிமிடத்தில் காட்டினார். தண்ணீர் ஊற்றியவனும் ஆடை எடுத்தவனும் அன்றோடு மாட்டினார்கள். காப்புரிமை வாங்கவில்லை. நம்மூர்ப் பால் சொசைட்டியில் 'ஃபேட்' பார்க்கிறார்களே, அந்த முறை இதற்குப் பங்காளி. நில விற்பனைப் பணத்துக்கும் நம் பால் கேனுக்கும் இப்படி ஒரு தூரத்துச் சொந்தம். இதை விட நெருங்கிய சொந்தமும் உண்டு: 1960இல் பந்த்நகரில் தொடங்கி இந்திய வேளாண் பல்கலைக்கழகங்கள் இந்த அமெரிக்க அச்சில் வார்க்கப்பட்டவை. அதனால்தான் நம் மேடைகளில் இந்தச் சொல் இத்தனை அடிபடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வார்த்தை. ஆங்கில அகராதியைத் திறந்து 'கிராண்ட்' என்றால் மானியம், 'லேண்ட்' என்றால் நிலம், ஒட்டு, முடிந்தது என்று எழுதுவதற்கு நீங்கள் எதற்கு? அதே கைப்பிரதியில் 1894 நிகழ்ச்சி ஒன்று வருகிறது. வேலைநிறுத்தங்களை ஆதரித்தார் என்று ரிச்சர்ட் ஈலி என்ற பொருளியல் பேராசிரியர் மேல் புகார் வந்தபோது, அச்சமின்றிச் சலித்துப் புடைத்தால்தான் உண்மை கிடைக்கும் என்ற கருத்தில் விஸ்கான்சின் ஆட்சிக்குழு அறிக்கை விட்டது. மொழிபெயர்ப்பில் அது "அச்சமின்றித் தூற்றும் உரிமை" ஆகியிருந்தது. களத்துமேட்டில் தூற்றுவது சரிதான். பேராசிரியர் அச்சமின்றித் தூற்றினால் அது அவதூறு வழக்கு.

என் சொல்லிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. இலக்கணப்படி 'நிலமுதற் பல்கலைக்கழகம்' என்று எழுதினால் 'முதற் பல்கலைக்கழகம்', முதலாவது என்று கண் தாவுகிறது. நண்பர்கள் இருவரிடம் காட்டினேன். ஒருவர் அப்படித்தான் படித்தார். எனவே இந்த ஓரிடத்தில் புணர்ச்சியை விட்டு 'நிலமுதல் பல்கலைக்கழகம்' என்றே எழுதுகிறேன். புலவர்கள் திட்டட்டும். முதன்முறை வரும் இடத்தில் 'நிலம் விற்ற முதலில் நடக்கும்' என்று ஒரு விளக்கத் தொடர் சேர்த்துவிட்டால் பிறகு தொல்லையில்லை.

இன்னொன்று. இதை 'மாநிலப் பல்கலைக்கழகம்' என்பதோடு போட்டுக் குழப்பாதீர்கள். கார்னெல் நிலமுதல் பல்கலைக்கழகம், ஆனால் தனியார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் அப்படியே. மாநிலத்தின் பங்கில் பத்தில் மூன்று அதற்குப் போனது. ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம் மாநிலத்துடையது, ஆனால் மோரில் சட்டத்தின் நிலமுதல் அதற்கு இல்லை. அது லான்சிங் பக்கத்து வேளாண் கல்லூரிக்குப் போய்விட்டது. விஸ்கான்சின் இரண்டும்தான். கைப்பிரதியின் 41ஆம் பக்கத்தில் நான்கையும் "அரசு நிலமானியப் பல்கலைக்கழகங்கள்" என்று ஒரே வரியில் கட்டியிருக்கிறது. சிவப்பு மையில் நான்காகப் பிரித்து அனுப்பியிருக்கிறேன்.