சிங்கராஜ வனத்தில் பார்த்து நடப்பதும் நின்று பார்ப்பதும்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் குடும்பங்கள் வான் பிடித்துக்கொண்டு, இலங்கையின் தென்மேற்கிலுள்ள மழைக்காடான சிங்கராஜ வனத்துக்குப் புறப்படுவது இப்போது வழக்கமாகிவருகிறது. பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பயணம் வேறில்லை என்பதே என் எண்ணமும். ஆனால் கொழும்பில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் வைத்தியர் என்ற வகையில், அங்கே போய்வந்தவர்களில் சிலரை வீங்கிய காலோடும் வேறு சிலரைக் காய்ச்சலோடும் நான் சந்திக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர், போவதற்கு முன் சில விடயங்களை அறிந்திருந்தால் எங்களிடம் வந்திருக்கவே தேவையில்லை.

யானை வருமா, சிறுத்தை வருமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சிங்கராஜவில் யானையைக் காண்பது மிக அரிது. சிறுத்தை இருந்தாலும் கண்ணில் படுவதில்லை. எங்களிடம் ஆட்களை அனுப்பிவைக்கும் பிராணி, பிள்ளைகளின் அடிமட்டத்தைவிடச் சற்றே நீளமான ஒரு பாம்பு. மூக்கின் நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும் இந்தக் குழிவிரியனைச் சிங்களத்தில் பொலொன்தெலிஸ்ஸா என்பார்கள். இலங்கையில் ஆட்களை அதிகம் கடிக்கும் விஷப்பாம்பு இதுவே. காய்ந்த இலையின் கபில நிறம், உடலின் இரு பக்கமும் கருந்திட்டுகள், தலை மட்டும் சாய்வாக உயர்ந்திருக்கும். சருகுக்குள் சுருண்டு கிடந்தால் பழகிய கண்ணுக்கும் தெரியாது. அது யாரையும் துரத்துவதில்லை, காலடிச் சத்தம் கேட்டு விலகிப்போவதும் குறைவு. மிதித்தால், அல்லது கை வைத்தால் கடிக்கிறது. ஆகவே றப்பர் செருப்போடு காட்டுக்குள் போகக்கூடாது; பாதையை விட்டு இறங்கக்கூடாது; விழுந்துகிடக்கும் மரத்தின் மேல் பார்க்காமல் அமரக்கூடாது.

கடிபட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது, “சின்னப் பாம்புதானே டொக்டர், ஒன்றும் செய்யாது என்று நினைத்தோம்” என்பதாகும். பெரும்பாலும் வலி, வீக்கம், கொப்புளம் ஆகியவற்றோடு முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் ஒரு சிலருக்கு இரத்தம் உறையும் தன்மை கெடுகிறது, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, உயிரிழப்பும் அரிதாக நிகழ்கிறது. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காக இந்தியாவில் தயாரிக்கப்படும் விஷமுறிவு மருந்து இந்தக் குழிவிரியனின் விஷத்துக்கு உதவாது; ஏற்றினால் ஒவ்வாமை ஆபத்து மட்டுமே மிஞ்சும். எனவே வைத்தியசாலையில் அனுமதித்து, இரத்தத்தையும் சிறுநீரையும் தொடர்ந்து கவனிப்பதுதான் உண்மையான சிகிச்சை. கடிபட்டவுடன் மெட்டி, கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வீக்கம் ஏறிய பிறகு அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது எதுவும் வேண்டாம். வலிக்குப் பரசிட்டமோல் போதும்; அஸ்பிரினும் அதையொத்த வலிநிவாரணிகளும் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. பாம்பைத் தேடிப்பிடித்து அடித்துக்கொண்டு வராதீர்கள். எட்ட நின்று எடுத்த கைபேசிப் படமே எங்களுக்குப் போதுமானது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசமாகக் கிடைக்கும். கொழும்புக்கே திரும்பிவிடலாம் என்று மணிக்கணக்கில் வானை ஓட்டாமல், கலவானையிலோ இரத்தினபுரியிலோ உள்ள அரச வைத்தியசாலைக்கு முதலில் செல்லுங்கள்.

அட்டைகளைப் பற்றிய அச்சம்தான் எல்லாவற்றிலும் பெரிது, ஆபத்து என்னவோ மிகக் குறைவு. அட்டை கடிப்பது வலிக்காது. அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாமல் செய்வதால், அது விழுந்த பிறகும் நெடுநேரம் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். பிடித்து இழுக்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கத்துக்கு அடியில் செலுத்தி மெல்ல நகர்த்தினால் பிடியை விட்டுவிடும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் சரி. இரத்தம் உறைவதைக் குறைக்கும் வாபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் மட்டும் போவதற்கு முன் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை இருக்கும்போது உப்பும் கிருமிநாசினியும் எதற்கு? அவற்றைப் பூசிய காலை ஓடையில் கழுவும்போது, தோலாலும் சுவாசிக்கும் தவளைகள் அந்த நீரில்தான் இருக்கின்றன என்பதை எண்ணிப்பாருங்கள். அங்குள்ள தவளைகளிலும் மீன்களிலும் பல, உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாதவை.

1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டப்பட்டு, மக்களின் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டுக் காப்பாற்றப்பட்ட காடு இது. 1988இல் உலக மரபுரிமைத் தலமாகியது. இங்குள்ள மரங்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானவை இலங்கைக்கே உரியவை. 2004இல் அறிவியலுக்குப் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட செரண்டிப் ஆந்தையும் இங்கே வாழ்கிறது. எனக்கு இங்கு மிகவும் பிடித்தது கலப்புப் பறவைக் கூட்டம். செம்மஞ்சள் அலகுள்ள சிலம்பன்கள் கலகலவென்று முன்னே செல்ல, கொண்டைக் கரிக்குருவி காவல் காத்து எச்சரிக்கை ஒலி எழுப்ப, வெவ்வேறு இனத்துப் பறவைகள் சராசரியாக நாற்பதளவில் ஒன்றாக இரை தேடி நகரும். சில சமயம் நீல வால்காக்கையும் அதில் சேர்ந்துகொள்ளும். சத்தம் போட்டுக்கொண்டு விரைந்து நடக்கும் குழுவுக்கு இக்காட்சி வாய்ப்பதில்லை. நடக்கும்போது கண் தரையில் இருக்கட்டும். மேலே பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள். பாம்பை மிதிக்காமலிருக்கவும் பறவையைத் தவறவிடாமலிருக்கவும் வழி இது ஒன்றுதான். நுழைவாயிலிலிருந்து கூட வரும் வழிகாட்டியை முன்னே விட்டு, அவர் காட்டும் இடத்தில் நில்லுங்கள். கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று நினைத்து அது இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அலையும்.

குரங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்கு வர வேண்டும்.

மழை பெய்யும்போது ஓடையில் இறங்காதீர்கள். மேலே பெய்த மழை கீழே தெரியாமலே நீரை உயர்த்திவிடும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் கண்ட வெள்ளத்தையும் மண்சரிவையும் நாம் மறந்துவிடக்கூடாது. மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் குடும்பத்தோடு செல்ல ஏற்றது. எந்தக் காலமானாலும், காலில் வெட்டுக்காயமோ சிராய்ப்போ இருந்தால் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்காதீர்கள். எலி போன்றவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காயம் வழியே தொற்றும் எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. நோய் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் தலைகாட்டும். அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும். கொழும்பில் காய்ச்சல் என்றதும் எல்லோரும் டெங்கு என்றே நினைக்கிறோம். கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் தசையில் தாங்கமுடியாத வலியும் கண் சிவப்பும் இருந்தால், சிறுநீர் குறையும்வரை காத்திராமல் உடனே வாருங்கள். வந்ததும், இரண்டு வாரத்துக்கு முன் சிங்கராஜ ஓடையில் குளித்தேன் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.